ஒகினாவா நினைவுக் கல்லுல அமெரிக்க சோல்ஜர் பேரு ஏன் இருக்கு?

நீங்க கேட்டது இதுதான்: வேலை விஷயமா ஜூன் மாசம் ஒகினாவா போறீங்க, மபுனிங்கிற இடத்துல இருக்கிற நினைவிடத்தோட போட்டோவைப் பார்த்திருக்கீங்க, கருப்பு கிரானைட் கல்லுல செத்துப்போன ஜப்பான் சோல்ஜர் பேரும் இருக்கு, அவங்களைக் கொன்ன அமெரிக்க சோல்ஜர் பேரும் இருக்கு, அப்போ ஜப்பான் அமெரிக்காவை மன்னிச்சிடுச்சுன்னு எடுத்துக்கலாமா, இல்ல தோத்த நாடு வேற வழியில்லாம வச்சதா? கேள்வி நியாயமானதுதான். ஆனா அதுல ரெண்டு பேர்தான் இருக்காங்க, ஜெயிச்ச அமெரிக்காவும் தோத்த ஜப்பானும். மூணாவதா ஒருத்தர் இருக்காங்க, அந்தக் கல்லை வச்சதே அவங்கதான். அந்த ஊர் ஜனங்க. அவங்களை உள்ள கொண்டு வந்தாதான் இதுக்குப் பதில் சொல்ல முடியும், அதனால கொஞ்சம் நீளமா எழுதறேன், பொறுமையா படிங்க.

என்னைப் பத்தி ஒரு வரி. ஜப்பானிய மொழிபெயர்ப்புதான் என் வேலை, ஒகினாவாவோட தலைநகரான நாஹாவுல ஏழு வருஷம் இருந்தேன், அந்த ஏழு வருஷத்துல மபுனிக்கு எத்தனை பேரைக் கூட்டிட்டுப் போயிருப்பேன்னு கணக்கே இல்ல. போர் சாட்சியங்களை மொழிபெயர்க்கிற வேலையும் நிறைய பண்ணியிருக்கேன். ஆனா நான் ராணுவ வரலாறு படிச்சவ இல்ல, எந்த டிவிஷன் எந்தக் குன்றை எப்படிப் பிடிச்சதுங்கிறதுக்கு நல்ல ஆள் நான் கிடையாது. ஜனங்க அதை எப்படி ஞாபகம் வச்சிருக்காங்கங்கிறதுதான் எனக்குத் தெரிஞ்ச விஷயம்.

முதல்ல ஒகினாவா யாரு. அது ரியூக்யூன்னு ஒரு தனி ராஜ்யமா இருந்த தீவுக்கூட்டம், 1879ல தான் ஜப்பான் அதை முழுசா தன்னோட மாகாணமா ஆக்கிக்கிச்சு. அவங்க மொழி வேற, டோக்கியோகாரங்களுக்குப் புரியாது. ஸ்கூல்ல அந்த மொழியைப் பேசின பிள்ளைங்க கழுத்துல தண்டனைக்குன்னு ஒரு மரப்பலகையை மாட்டி விடுவாங்க. போர் வர்றதுக்கு முன்னாடியே "நீங்க முழு ஜப்பான்காரங்க இல்ல"ன்னு ஒரு பார்வை இருந்துச்சு, அதனாலயே "நாங்க முழு ஜப்பான்காரங்கதான்"னு நிரூபிக்கணும்ங்கிற தவிப்பும் அந்த ஜனங்களுக்குள்ள இருந்துச்சு. இதை மனசுல வச்சுக்கோங்க, பின்னாடி குகைகள்ல நடந்தது இது இல்லாம புரியாது.

போர் 1945 மார்ச் 26ல கெராமாங்கிற சின்னத் தீவுகள்ல ஆரம்பிச்சுது, ஏப்ரல் 1ல பெரிய தீவோட மேற்குக் கரையில அமெரிக்கப் படை இறங்குச்சு. கரையில கிட்டத்தட்ட எதிர்ப்பே இல்ல. ஏன்னா ஜப்பானோட 32வது படைக்குத் தளபதியா இருந்த உஷிஜிமா மிட்சுரு கடற்கரையில சண்டை போடறதில்லைன்னு முடிவு பண்ணி ஷுரி கோட்டைக்கு அடியில சுரங்கம் வெட்டி உள்ள உக்காந்திருந்தார். ஜெயிக்கிறது அவங்க நோக்கமே இல்ல, முடிஞ்சவரைக்கும் நாள் கடத்தணும், அதுக்குள்ள ஜப்பானோட பெரிய தீவுகள் தாக்குதலுக்குத் தயாராகணும், அவ்வளவுதான். கோங்கிற ஜப்பானியப் பலகை விளையாட்டுல பெரிய இடத்தைக் காப்பாத்தறதுக்காக ஒரு காயைத் தெரிஞ்சே விட்டுக்கொடுப்பாங்க இல்லையா, அதுக்கு சுதே-இஷின்னு பேரு, கைவிட்ட கல். ஒகினாவாகாரங்க இன்னைக்கும் தங்களைப் பத்திச் சொல்ற வார்த்தை அதுதான்.

மே கடைசியில ஷுரியைத் தக்கவைக்க முடியலை. அந்த இடத்துலயே சரணடைஞ்சிருந்தாலோ அங்கேயே சண்டையை முடிச்சிருந்தாலோ கதை வேற. ஆனா படை தெற்கு முனைக்குப் பின்வாங்குச்சு. தெற்கு முனையில ஏற்கனவே ஆயிரக்கணக்கான குடும்பங்க குகையில ஒளிஞ்சிருந்தாங்க. சோல்ஜரும் ஜனங்களும் ஒரே குகையில, வெளியில பீரங்கி, கடல்ல இருந்து கப்பல் குண்டு, மேல விமானம், மழைக்காலம் வேற, சேறு. உள்ளூர் ஜனங்க செத்ததுல ரொம்பப் பேரு செத்தது இந்தக் கடைசி மூணு நாலு வாரத்துலதான். ஒகினாவாவுல இருக்கிற கோபம் பாதிக்கு மேல இந்தப் பின்வாங்கல் முடிவு மேலதான், அமெரிக்கக் குண்டு மேல இருக்கிறதை விட.

எண்ணிக்கையைப் பத்திச் சொல்லிடறேன், ஏன்னா நெட்ல ஆளுக்கு ஒண்ணு போடறாங்க. ஒகினாவா மாகாண அரசு சொல்ற கணக்கு மொத்தம் 2,00,656 பேர். அதுல அமெரிக்கர்கள் 12,520. ஜப்பானோட மத்த பகுதிகள்ல இருந்து வந்த சோல்ஜர்கள் 65,908. ஒகினாவாவுலயே பிறந்து படையில சேர்க்கப்பட்டவங்க 28,228. பொதுமக்கள் 94,000. கடைசி நம்பரைப் பாருங்க, மத்ததெல்லாம் ஒத்தை எண் வரைக்கும் இருக்கு, இது மட்டும் முழு ஆயிரமா இருக்கு. காரணம் அது மதிப்பீடு. குடும்பப் பதிவேடுகள் எரிஞ்சு போச்சு, குடும்பமே மொத்தமா அழிஞ்ச வீடுகள்ல "எங்க வீட்டுல இத்தனை பேர்"னு சொல்ல ஆளே மிஞ்சலை. நாலுல ஒருத்தர் செத்தாங்கன்னு ஊர்ல சொல்லுவாங்க, அது தோராயம்தான், ஆனா பக்கத்துல வர்ற தோராயம்.

இப்போ குகைகளுக்கு வர்றேன். யோமிதான்ங்கிற ஊர்ல நடக்கிற தூரத்துல ரெண்டு குகை இருக்கு. ஒண்ணு சிபிசிரிகாமா, காமான்னா அவங்க மொழியில குகை. அமெரிக்கப் படை இறங்கின மறுநாள், ஏப்ரல் 2, அந்தக் குகைக்குள்ள இருந்த சுமார் 140 பேர்ல 80 பேருக்கு மேல ஒருத்தரை ஒருத்தர் கொன்னு, தங்களையும் முடிச்சுக்கிட்டாங்க, பாதிக்கு மேல பிள்ளைங்க. அமெரிக்கன் கையில சிக்கினா என்னென்ன பண்ணுவான்னு சொல்லிச் சொல்லியே வளர்த்திருந்தாங்க. இன்னொரு குகை ஷிமுகுகாமா. அதுல சுமார் 1,000 பேர். அங்க ஹவாய்ல வேலை பார்த்துட்டு ஊர் திரும்பின ரெண்டு பேர் இருந்தாங்க, அவங்களுக்கு இங்கிலீஷ் தெரியும், அமெரிக்கர்களைக் கண்ணால பார்த்தவங்க, "சிவிலியனைக் கொல்ல மாட்டாங்க, நாங்க போய் பேசறோம்"னு வெளியில போனாங்க. ஆயிரம் பேரும் பிழைச்சாங்க. ஒரே ஊர், ஒரே பயம். ரெண்டு குகைக்கும் ஒரே நாள்ல கூட்டிட்டுப் போனா வர்றவங்க திரும்புற வழியில பேசவே மாட்டாங்க, நானும் பேச்சு கொடுக்க மாட்டேன்.

சிபிசிரிகாமாவுல தப்பிச்சவங்க 1980கள் வரைக்கும் வாயே திறக்கலை. எப்படித் திறப்பாங்க, அம்மா மகளைக் கொன்ன கதை அது, அதே தெருவுலதான் எல்லாரும் தொடர்ந்து வாழறாங்க.

இந்தக் குகைச் சாவுகளுக்கு "கூட்டுத் தற்கொலை"ன்னு ஒரு பேரு இருக்கு, எனக்கு அந்த வார்த்தையை மொழிபெயர்க்கும்போதெல்லாம் கை நடுங்கும். மூணு வயசுப் பிள்ளை தற்கொலை பண்ணிக்க முடியுமா? அதனால ஒகினாவாவுல பலர் "கட்டாயப்படுத்தின கூட்டுச் சாவு"ன்னு சொல்லுவாங்க. இதுல எது உறுதி எது சந்தேகம்னு பிரிச்சுச் சொல்லணும். ராணுவத்துக்கு இதுல ஆழமான பங்கு இருந்துச்சுங்கிறது உறுதி. கெராமாவுல தொகாஷிகிங்கிற ஒரே தீவுல 300 பேருக்கு மேல செத்தாங்க. ஜனங்க கையில கையெறி குண்டு வந்தது ராணுவத்துக்கிட்ட இருந்துதான், சரணடையக் கூடாதுன்னு கத்துக் கொடுத்ததும் அவங்கதான். ஜப்பான் படை இல்லாத சில தீவுகள்ல இந்த மாதிரி சாவு நடக்கலைங்கிறதையும் சேர்த்துப் பாருங்க. சந்தேகத்துல இருக்கிறது ஒண்ணே ஒண்ணு: இந்தத் தீவுல இந்த ஆபீசர் இந்த நாள்ல "சாகுங்க"ன்னு நேரடியா உத்தரவு போட்டாரா இல்லையா. இதை வச்சு நோபல் பரிசு வாங்கின ஒரு எழுத்தாளர் மேல வழக்கு போட்டாங்க. 2008ல ஒசாகா கோர்ட், ராணுவம் ஆழமா சம்பந்தப்பட்டிருந்துச்சுன்னு சொல்லி வழக்கைத் தள்ளுபடி பண்ணுச்சு, 2011ல சுப்ரீம் கோர்ட்டும் அதையே உறுதி பண்ணுச்சு. தனி ஆபீசரோட நேரடி உத்தரவு மட்டும் கோர்ட்லயும் தீர்மானமா நிரூபணம் ஆகலை. நெட்ல சண்டை போடறவங்க இந்தச் சின்ன சந்தேகத்தை எடுத்து அந்தப் பெரிய உறுதியை மூடப் பாக்கறாங்க, அதுல ஏமாறாதீங்க.

இன்னொரு உறுதியான விஷயமும் இருக்கு. ஏப்ரல்ல 32வது படை ஒரு உத்தரவு போட்டுச்சு, ஒகினாவா மொழியில பேசறவங்களை உளவாளியா எடுத்துக்கிட்டு தண்டிக்கணும்னு. ஜப்பானிய மொழி சரியா வராத கிழவிங்க தன் தாய்மொழியில பேசினதுக்காகப் பயந்து நடுங்கின காலம் அது. குமேஜிமா தீவுல ஜப்பான் கடற்படைக் குழு ஒண்ணு உளவாளின்னு சொல்லி 20 தீவுவாசிகளைக் கொன்னுச்சு, குழந்தைகள் உட்பட, அதுல சில கொலைகள் ஆகஸ்ட் 15ல சக்கரவர்த்தி ரேடியோவுல தோல்வியைச் சொன்னதுக்கு அப்புறம் நடந்தது. போரே முடிஞ்சிடுச்சு, சொந்த ராணுவம் இன்னும் கொன்னுட்டு இருக்கு.

இதெல்லாம் தெரிஞ்ச பிறகு நினைவுகளைப் பார்த்தா ஒரே போரை மூணு இடத்துல மூணு விதமா வச்சிருக்கிறது தெரியும். அமெரிக்காவுல இந்தப் போர் அது நடந்தப்பவே கொஞ்சம் மறைஞ்சு போச்சு, ஏப்ரல் 12ல ரூஸ்வெல்ட் செத்தார், மே 8ல ஐரோப்பாவுல வெற்றி, பேப்பர்ல முதல் பக்கம் அதுக்கே போச்சு. ஒகினாவாவுக்கு ஒரு மாசம் முன்னாடி நடந்த இவோ ஜிமா தீவுச் சண்டைக்குக் கொடி நடற ஒரு போட்டோ இருக்கு, எல்லாருக்கும் ஞாபகம் இருக்கு, ஒகினாவாவுக்கு அப்படி ஒண்ணு அமையலை. அதிகமா அமெரிக்கர்கள் இதை இழுக்கறது ஹிரோஷிமா பேச்சுல, "ஒகினாவாவுலயே இவ்வளவு சாவுன்னா ஜப்பான்ல இறங்கியிருந்தா எவ்வளவு"ங்கிற வாதத்துக்கு ஆதாரமா.

ஜப்பானோட பெரிய தீவுகள்ல இது துயரமான, ஆனா அழகான கதையா ஆச்சு. மபுனி குன்று மேல ஏறினீங்கன்னா ஒவ்வொரு மாகாணமும் தன் சோல்ஜர்களுக்கு வச்ச நினைவுத்தூண் வரிசையா நிக்கும், அதிகமும் 1960கள்ல வச்சது, வீரம் தியாகம்னு வாசகம், ஊர் ஜனங்களைப் பத்திப் பல தூண்ல ஒரு வரி கூட இருக்காது. இன்னொரு பக்கம் ஹிமேயுரி பொண்ணுங்க கதை. ரெண்டு பெண்கள் பள்ளியில இருந்து 222 மாணவிகளும் 18 டீச்சர்களும் ராணுவ ஆஸ்பத்திரிக் குகைக்கு நர்ஸ் வேலைக்கு அனுப்பப்பட்டாங்க, மொத்தம் 240 பேர்ல 136 பேர் செத்தாங்க. அதுலயும் கூடுதல் பேர் செத்தது ஜூன் 18 ராத்திரி "குழு கலைஞ்சுது, இனி நீங்களே பாத்துக்கோங்க"ன்னு குண்டு மழைக்கு நடுவுல வெளியில அனுப்பின பிறகு. தூய கன்னிகள் நாட்டுக்காக உயிர் விட்டாங்கன்னு அந்தக் கதையை ரொம்ப நாள் ஓட்டினாங்க. அதைப் பொறுக்க முடியாம பிழைச்ச அந்த மாணவிகளே, அப்போ அறுபது வயசு, 1989ல தங்க சொந்த மியூசியத்தைத் திறந்தாங்க. உள்ள போனா சுவர் முழுக்க ஒவ்வொரு பொண்ணோட முகம், பேரு, எங்க எப்படி செத்தாங்கறது. தியாகம்ங்கிற பூச்சே கிடையாது.

மூணாவது ஒகினாவாகாரங்களோட நினைவு. 1946லயே, சாப்பாட்டுக்கே வழியில்லாத நேரத்துல, அமெரிக்க ராணுவம் தெற்குல கொண்டு வந்து விட்ட ஜனங்க வயல்ல கால் வச்ச இடமெல்லாம் எலும்பா இருக்கிறதைப் பார்த்து அள்ளி ஒரே இடத்துல குவிச்சாங்க, கொன்பாகு நோ தோன்னு பேரு, சுமார் 35,000 பேரோட எலும்பு. யாரு ஜப்பான், யாரு ஒகினாவா, யாரு கொரியா, யாரு அமெரிக்கன்னு எலும்புல எழுதியிருக்கலை. நீங்க கேட்ட கல்லோட வேர் இங்கதான் இருக்குன்னு நான் நினைக்கிறேன், இது என் கருத்து.

அந்தக் கல்லுக்கு ஹெய்வா நோ இஷிஜின்னு பேரு, அமைதியின் அடித்தளக் கல். போர் முடிஞ்சு 50 வருஷம் ஆனப்போ, 1995 ஜூன் 23ல திறந்தாங்க. அதைக் கொண்டு வந்தது டோக்கியோ அரசு இல்ல, ஒகினாவா மாகாணம், அப்போ கவர்னரா இருந்த ஓதா மசாஹிதே. அவர் யாருன்னா 1945ல மாணவர் படையில சேர்க்கப்பட்டு மபுனி பக்கம் சாகக் கிடந்து பிழைச்ச பையன், கூடப் படிச்ச நிறைய பேரை அங்கயே பறிகொடுத்தவர். இப்போ 2,42,000 பேருக்கு மேல பேரு இருக்கு, ஒவ்வொரு வருஷமும் புதுசா சேர்க்கறாங்க. அமெரிக்கர்கள் 14,000 சொச்சம், பிரிட்டிஷ் 82, தைவான், கொரியாக்காரங்களும் உண்டு, அவங்கவங்க எழுத்துல. சிவிலியன், சோல்ஜர், ஜெனரல் எல்லாருக்கும் ஒரே அளவு எழுத்து, பதவி போடலை. இந்த மொத்தம் மேல சொன்ன 2,00,656ஓட ஒத்துப்போகலையேன்னு கேப்பீங்க. ஒகினாவாகாரங்களுக்கு மட்டும் 1931ல சீனாவோட மஞ்சூரியாவுல ஜப்பான் ஆரம்பிச்சு 1945 வரைக்கும் போன பதினஞ்சு வருஷப் போர்ல எங்க செத்திருந்தாலும் சேர்க்கறாங்க. 1944 ஆகஸ்ட்ல ஒகினாவாவுல இருந்து பிள்ளைங்களை ஏத்திட்டுப் போன சுஷிமா மாரு கப்பல் அமெரிக்க நீர்மூழ்கியால மூழ்கினப்போ செத்த பிள்ளைங்களும் அதுல உண்டு.

ஆக உங்க கேள்விக்கு நேர் பதில்: மன்னிப்பு இல்ல. ஜப்பான் அமெரிக்காவை மன்னிச்சதுக்கு அடையாளமா அது வைக்கப்படலை, ஜப்பான் சார்பா ஒகினாவாகாரங்க மன்னிக்கவும் முடியாது. தங்க மண்ணுல வந்து செத்த ஒவ்வொருத்தரையும் பேர் சொல்லி எண்ணி வைக்கிற காரியம் அது. எந்தப் பக்கம்னு பார்த்தா வீரக்கல்லா ஆயிடும், அது வேண்டாம்னு நினைச்சாங்க. உயிர்தான் பொக்கிஷம்னு அர்த்தம் வர்ற "நுச்சி டு தகாரா"ன்னு ஒரு சொல் அவங்க மொழியில இருக்கு, அதை வச்சுப் பார்த்தா அந்தக் கல் புரியும்.

ஆனா இதை ஒகினாவாவுலயே எல்லாரும் ஏத்துக்கிட்டாங்கன்னு நினைக்காதீங்க. ஜனங்களைக் குகையில இருந்து விரட்டின சோல்ஜர் பேரும் விரட்டப்பட்ட குழந்தை பேரும் ஒரே அளவு எழுத்துல இருந்தா யாரு பண்ணினதுங்கிற கேள்வி கரைஞ்சு போயிடாதான்னு கேட்டவங்க உண்டு, எனக்கும் அந்தக் கேள்வி இன்னும் தீரலை. கொரியப் பக்கம் இன்னும் கஷ்டம். கூலிகளாவும் ராணுவ விபசார விடுதிகளுக்கும் இழுத்துட்டு வரப்பட்டவங்க ஆயிரக்கணக்கில், ஆனா கல்லுல இருக்கிற பேரு சில நூறுதான். அடையாளம் தெரியாம போனது ஒரு காரணம், "எங்க ஆளை அடிமையா கொண்டு போனவங்க பேரோட சேர்த்து எழுதாதீங்க"ன்னு மறுத்த குடும்பங்களும் உண்டு. அவங்களைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது.

இந்த நினைவு சண்டை பழைய கதையும் இல்ல. 1999ல மபுனி மியூசியத்தைப் புதுப்பிக்கறப்போ, குகைக்குள்ள அழற குழந்தையை வச்சிருக்கிற தாய் பக்கம் துப்பாக்கியோட நிக்கிற ஜப்பான் சோல்ஜர் பொம்மை கையில இருந்து துப்பாக்கியை எடுத்துட்டாங்க. விஷயம் வெளிய வந்து ஊரே கொதிச்சுது, துப்பாக்கி திரும்ப வந்துச்சு. 2007ல கல்வி அமைச்சகம் ஸ்கூல் பாடப் புத்தகத்துல கூட்டுச் சாவுக்கு ராணுவம் கட்டாயப்படுத்தினதுங்கிற வரியை மாத்தச் சொல்லுச்சு, செப்டம்பர் 29ல ஒகினாவாவோட கினோவான் ஊர்ல அதை எதிர்த்துக் கூடின கூட்டம் 1,10,000ன்னு ஏற்பாடு பண்ணவங்க சொன்னாங்க, அந்த எண்ணிக்கையை அப்பவே மறுத்தவங்க உண்டு, ஆனா பெரிய கூட்டம்ங்கிறதுல சந்தேகமே இல்ல, டிசம்பர்ல ஓரளவுக்கு வரிகள் திரும்ப வந்துச்சு. அதோட அமெரிக்கத் தளங்கள். 1972 மே 15 வரைக்கும் ஒகினாவா அமெரிக்க ஆட்சியிலதான் இருந்துச்சு, இன்னைக்கும் ஜப்பானோட நிலத்துல 0.6 சதவீதம் மட்டுமே இருக்கிற இந்த மாகாணத்துலதான் அமெரிக்கப் படைக்குன்னே ஒதுக்கின இடத்துல கிட்டத்தட்ட 70 சதவீதம் இருக்கு. ஒகினாவாவுல ஹெனோகோங்கிற இடத்துல புது அமெரிக்கத் தளத்துக்குக் கடலைத் தூர்க்கிறதுக்கு தெற்குப் பகுதி மண்ணையும் எடுக்கலாம்னு அரசுத் திட்டத்துல வந்தப்போ, வருஷக்கணக்கா அந்த மண்ணுல எலும்பு தோண்டி எடுத்துட்டு இருந்த தன்னார்வலர்கள் உண்ணாவிரதம் இருந்தாங்க. செத்தவங்க எலும்பு கலந்த மண்ணை எடுத்து ராணுவத் தளத்துக்கு அடியில கொட்டறதான்னு அவங்க கேட்டதுக்கு என்ன பதில் சொல்ல முடியும்?

தேதியைப் பத்தியும் கேட்டிருந்தீங்க, ஜூன் 23 ஏன் நினைவு நாள்னு. உஷிஜிமா தற்கொலை பண்ணிக்கிட்டு படையோட ஒழுங்கான எதிர்ப்பு முடிஞ்ச நாள்னு அதை வச்சிருக்காங்க. அது 22ஆ 23ஆன்னு சரித்திரக்காரங்களுக்குள்ள இன்னும் ஒத்துப்போகலை, 1961ல முதல்ல 22ன்னு வச்சு, அப்புறம் 1965ல 23க்கு மாத்தினாங்க. சாகறதுக்கு முன்னாடி அவர் கடைசி வரைக்கும் போராடுங்கன்னு உத்தரவு விட்டுட்டுப் போனதால அதுக்கப்புறமும் ஜனங்க செத்துட்டேதான் இருந்தாங்க, முறைப்படி சரணடைஞ்சது செப்டம்பர் 7ல. ஒகினாவா சிட்டிங்கிற ஊர்ல அந்த செப்டம்பர் 7தான் அமைதி நாள்.

நீங்க ஜூன்ல போறதால 23ஆம் தேதி அங்க இருக்க முடிஞ்சா காலைல சீக்கிரமே மபுனி போயிடுங்க, மதியம் பிரதமர் வர்ற விழாவுக்கு முன்னாடி. குடும்பம் குடும்பமா வருவாங்க, கல்லுல பேரைத் தேடி விரலால தடவி, தண்ணி ஊத்தி, பூவும் சாப்பாடும் வச்சு, வெயில்ல குடை பிடிச்சுட்டு உக்காந்திருப்பாங்க. அவங்களைப் போட்டோ எடுக்காதீங்க. அமெரிக்கர் சுவரையும் பாருங்க, ஆனா அங்கயே நின்னுடாதீங்க, ஒகினாவா சுவர்களுக்குப் போங்க, ஊர் வாரியா, கிராமம் வாரியா இருக்கும், ஒரே குடும்பப் பேரு ஏழு எட்டு வரி கீழ கீழ வரும். ஜப்பானிய எழுத்து படிக்கத் தெரிஞ்ச யாரையாவது கூட கூட்டிட்டுப் போனா அந்த வரிகளுக்கு நடுவுல சிலதைக் காட்டச் சொல்லுங்க. இன்னாரோட பிள்ளை, இன்னாரோட மூத்த மகன், அப்படின்னு மட்டும் இருக்கும். பேரு வச்சதைச் சொல்ல யாரும் மிஞ்சாத குழந்தைங்க. ஒரு தடவை ஒரு பாட்டி அப்படி ஒரு வரிக்கு முன்னாடி ஒரு பால் டப்பாவை உடைச்சு வச்சாங்க, உங்க சொந்தமான்னு கேட்டேன், இல்லம்மா பக்கத்து வீடு, எங்க குழந்தையும் அதே வயசுன்னு சொன்னாங்க.